சேரங்கோடு வரை ஓர் உறுமல்

தலைக்குந்தா தாண்டியதும் பாட்டை நிறுத்தினேன். பக்கத்து இருக்கையில் கண்ணயர்ந்திருந்த மனைவி விழித்துக்கொண்டு, "என்னங்க, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள்.

ஆரம்பித்துவிட்டது. ஊட்டி ஊருக்குள் இருந்தவரை பஸ்களும் ஹாரன்களும் அதை மூடி வைத்திருந்தன. மரங்களுக்கு நடுவே சாலை வெறிச்சென்று நீண்டதும், முன்னால் அடியிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. வெகு தூரத்தில் பழைய விமானம் ஒன்று பறப்பதுபோல, ஊம்ம் என்று. வேகம் 40ஐத் தொடும்போது காதுக்கு எட்டும். 50இல் உள்ளங்காலுக்குத் தெரியும். 60 போனால் நாங்கள் இருவரும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

இரண்டு மாதமாக இதே பாடுதான். கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் காட்டியபோது டயர் தேய்ந்திருக்கிறது என்றார்கள். முன்டயர் இரண்டையும் மாற்றி, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பார்த்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து வெளியே வந்து வேகம் பிடித்ததுமே அதே உறுமல். திரும்பிப் போய்ச் சொன்னேன். புது டயர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் சரியாகவில்லை. பணம் போனதைவிட, யாருமே ஒரு தடவைகூட என்னோடு வண்டியில் உட்கார்ந்து வந்து கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தியது. ஒரு நோயாளி வலி என்று சொல்லும்போது அவர் உடம்பில் கை வைத்துப் பார்க்காத வைத்தியத்தை நாம் ஏற்போமா?

இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவனின் அப்பா சேரங்கோட்டில் இருக்கிறார். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், மழை கொஞ்சம் விட்டிருக்கும் என்று சொல்லியிருந்தார். வண்டி நடுவழியில் கைவிட்டால் கூடலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

பைக்காரா பக்கம் சாலை கொஞ்ச தூரம் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஓடுகிறது. அங்கேதான் முதல் சோதனையைச் செய்தேன். முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 50இல் போகும்போது கிளட்ச்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்டேன். என்ஜின் சத்தம் தணிந்து அடங்கியது. உறுமல் அடங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. ஆக, என்ஜின் மேல் பழி இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றுதான் கத்துகிறது. (மலை இறக்கத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்துவிடக் கூடாது. இறக்கத்தில் என்ஜினின் பிடி போய்விட்டால் பிரேக் மட்டும்தான் மிச்சம். அது காய்ந்துவிட்டால் அதுவும் இல்லை.)

அடுத்தது டயர். அதன் இரைச்சல் சாலையைப் பார்த்து மாறும். புதுத் தாரில் மெலிந்து, ஜல்லி துருத்திய இடத்தில் கரகரத்து, பாலத்தில் வேறு சுருதிக்குப் போகும். எங்கள் உறுமலோ எந்தச் சாலையிலும் ஒரே குரலில் இருந்தது. டிரைவ் ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஜாயின்ட் போயிருந்தால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கட் கட் என்று தட்டும். அதுவும் இல்லை. பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவே சின்னக் கல் மாட்டினால் வீல் என்று அலறும். இது அலறல் இல்லை, அடிவயிற்றுச் சத்தம்.

பைக்காராவுக்கும் நடுவட்டத்துக்கும் இடையில் நீண்ட வளைவுகள் வருகின்றன. 40, 50இல் நிதானமாக எடுக்கக்கூடியவை. அங்கே மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது என்றாள். இடப்பக்கம் வளையும்போது குறைகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஆறு வளைவுக்குப் பிறகும் அதையே சொன்னாள். அதுவரை சத்தம் என் பக்கம், அதாவது வலது சக்கரத்திலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வண்டி வலப்பக்கம் வளையும்போது அதன் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. இடது சக்கரம் கூடுதல் சுமையைத் தாங்குகிறது. சுமை ஏறும்போது எது அதிகம் கத்துகிறதோ அதில்தான் நோவு. உலோக உடம்பு சத்தத்தைக் கடத்திக் கொண்டுபோய் வேறு இடத்தில் காட்டும். காது ஏமாறும். வளைவு ஏமாற்றாது.

நடுவட்டம் தாண்டி இறக்கம் தொடங்கியதும் எல்லாம் அமைதியாகிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் 15க்கும் 20க்கும் இறங்கிவிடும். அந்த வேகத்தில் உறுமல் வாய் திறப்பதில்லை. மலையில் மட்டுமே ஓடும் வண்டிக்காரர் இந்தக் கோளாறை மாதக்கணக்கில் கவனிக்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றியபோது பயமாக இருந்தது. ஊசிமலைப் பக்கம் நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டும் அனலாக இருந்தன. இறக்கம் நெடுக மிதித்து வந்த பிரேக்கின் சூடு அது. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கூடலூரில் டீ குடித்துவிட்டு நாடுகாணிப் பக்கம் திரும்பினோம். அங்கிருந்து ஒரு சாலை நிலம்பூருக்கு இறங்குகிறது. நாங்கள் தேவாலா, பந்தலூர் என்று போனோம். ஊட்டியில் தூறல்கூட இல்லை. தேவாலாவில் மழை கம்பி கம்பியாக இறங்கியது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் இந்தப் பக்கம்தான் முட்டிக்கொள்கிறது. 1880ஐ ஒட்டி இங்கே தங்கம் வெட்ட இங்கிலாந்தில் பங்கு விற்றுக் கம்பெனிகள் வந்து இறங்கின. சில வருஷத்தில் எல்லாம் சரிந்து, தோண்டிய குழிகளும் துருப்பிடித்த இயந்திரங்களும் மிஞ்சின. இன்று அந்தச் சரிவெல்லாம் தேயிலை.

பந்தலூரைத் தாண்டியபோது மணி ஐந்து. மனைவி, "வேகமா போங்க, இருட்டுறதுக்குள்ள போயிடலாம்" என்றாள். இந்தச் சாலையில் வண்டி நின்றுபோனால், இறங்கி ஜாக்கி போட்டுக்கொண்டிருக்க முடியாது. 2024 டிசம்பரில் சேரம்பாடிப் பக்கம் வீடு வீடாக உடைத்துக்கொண்டிருந்த 'புல்லட்' என்ற யானையை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. அது ஒன்று. பெயர் வைக்கப்படாதவை எத்தனையோ. வேகமாகப் போகலாம் என்றால் உறுமல் ஏறுகிறது. மெதுவாகப் போனால் இருட்டு ஏறுகிறது. 40இலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

சேரங்கோடு போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. தேயிலைச் சரிவுக்கு நடுவே பலா மரங்கள். வரிசையாகத் தோட்டக் குடியிருப்புகள். அதற்கு மேலே, ஓய்வுக்குப் பிறகு கட்டிய சின்ன வீட்டு வாசலில் ஐயா நின்றிருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், தலையில் மப்ளர், முழங்கை வரை மடித்த சட்டை. உள்ளே போய் உட்கார்ந்து கட்டஞ்சாயா கைக்கு வந்ததும் நான் வண்டியின் கதையைத் தொடங்கினேன். வலப்பக்கம் வளையும்போது என்று ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாதீங்க தம்பி. நீங்க சொன்னா அதுதான் எனக்குக் கேக்கும். காலையில நானே உக்காந்து கேக்குறேன்."

காலை ஏழு மணிக்கு மழை விட்டிருந்தது. சேரம்பாடிச் சாலையில் போனோம். முதலில் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கச் சொன்னார், பிறகு ஏற்றச் சொன்னார். திரும்பும்போது பின்னிருக்கைக்குப் போய், முன்னிருக்கையின் முதுகில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "முன்னாடி எடது. பேரிங்னுதான் படுது. ஆனா கையால பாக்காம சொல்லக்கூடாது" என்றார்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கியில் இடது முன்பக்கத்தைத் தூக்கினோம். ஸ்டெப்னியைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தார். ஜாக்கி வழுக்கினால் வண்டி அதன் மேல்தான் உட்காரும், ஆளின் மேல் உட்காராது. பிறகு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அசைவே இல்லை. பக்கவாட்டில் பிடித்து அசைத்தார். அதிலும் இல்லை.

"ஆட்டம் இல்லையே ஐயா, அப்ப பேரிங் நல்லா இருக்குன்னுதானே?" என்றேன்.

"ஆட்டம் வந்துட்டா அதைச் சொல்ல ஃபிட்டர் எதுக்கு தம்பி, யாரு வேணும்னாலும் சொல்லிடுவாங்க. ஆட்டம் கடைசியில வர்றது. சத்தம்தான் மொதல்ல வரும்."

இடது கையைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றினார். "நீங்க புடிச்சுப் பாருங்க." நான் பிடித்தேன். கம்பிச் சுருள் வழியாக விரல் நுனிக்கு ஒரு நரநரப்பு வந்தது. அம்மிக்கு அடியில் மணல் சிக்கியதுபோல. காதுக்கு அது எட்டவே இல்லை, கைக்குத்தான் எட்டியது. உடனே வலப்பக்கத்துக்குப் போய் அதையும் தூக்கச் சொன்னார். வலது ஸ்பிரிங்கைப் பிடித்துச் சுழற்றியபோது எண்ணெயில் நழுவுவதுபோல ஓடியது. கையில் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அது கெட்டிருக்கிறது என்று சொல்லக்கூடாது, நல்லது எப்படி இருக்கும் என்று பக்கத்திலேயே இருக்கிறதே என்றார். கோயம்புத்தூரில் இரண்டு மாதம் நடக்காதது இங்கே பத்து நிமிஷத்தில் நடந்துவிட்டது.

என்ஜினை ஓட்டி கியரில் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்குமே என்று நான் சொன்னபோது மட்டும் கடுமையாகத் தலையாட்டினார். ஒரு சக்கரம் தரையிலும் ஒரு சக்கரம் காற்றிலும் இருந்தால், காற்றில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், வண்டியும் ஜாக்கியைவிட்டுக் குதிக்கும். அதற்குப் பதில் வீட்டுக்குள் போய் ஒரு கம்பி எடுத்து வந்தார். முக்கால் முழ நீளம், சுண்டுவிரல் தடிமன். ஒரு முனை கூர், மறு முனையில் கடைந்த மரக் குமிழ். குமிழ் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் பளபளத்தது. கூர்முனையைச் சக்கரத்தின் பின்னால் பேரிங் உட்கார்ந்திருக்கும் வார்ப்பில் ஊன்றி, குமிழைக் காதுத் துளைக்கு முன்னால் அழுத்திக்கொண்டார். என்னைச் சுழற்றச் சொன்னார். பிறகு கம்பியை என்னிடம் தந்தார். தொலைவில் லாரி சரளைக்கல் கொட்டுவதுபோலத் தலைக்குள் ஒரு சத்தம். அதைக் கேட்ட நொடியில் இரண்டு மாதச் சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் கம்பி ஃபேக்டரியில் அவர் கையில் இருந்தது. சி.டி.சி. இயந்திரத்தில் பல் வெட்டிய உருளைகள் இரண்டு இரண்டாக எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிஷத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கி, கிழிந்து, சுருளும். 1930களில் அசாமில் பிறந்த முறை. இன்று நாம் குடிக்கும் டீயில் பெரும்பகுதி அந்தப் பல்லில் அரைபட்டு வருவதுதான். உருளையின் இரு முனையிலும் பேரிங். ராத்திரி ஷிஃப்டில் ஒன்று போனால் வரிசை முழுவதும் நிற்கும். வாடவைத்த இலை காத்திருக்காது, மணிக்கணக்கில் குணம் மாறிவிடும். அன்றைக்குத் தோட்டத்துப் பெண்கள் மழையில் நனைந்து பறித்த கொழுந்து அத்தனையும் வீணாகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முனையாகக் காது வைத்துக்கொண்டே போவாராம். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில் எப்படிக் கேட்கும் என்றேன். "ஃபேக்டரி சத்தம் வெளிய இருக்கும். கம்பியில வர்றது உள்ள இருக்கும். ரெண்டும் கலக்காது" என்றார்.

பிறகு தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் வரும். 60இல் போனால் நிமிஷத்துக்கும் 500க்கு மேல். 80ஐத் தாண்டும்போது சரியாக 700. ஐயா குச்சியை வாங்கி அந்த 700ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "எங்க ரோலரும் உங்க சக்கரமும் ஒரே ஓட்டம்தான். அதான் பழகின குரலா இருந்துச்சு."

மத்தியானம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பேரிங்குக்குக் கூடலூரில் சொல்லியாகிவிட்டது, சாயங்கால பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். காத்திருந்த நேரத்தில்தான் நான் கேட்க வந்த கதையைக் கேட்டேன். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தேயிலை தவிர வேறு தொழில் அறியாத அந்த மக்களுக்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் காடு திருத்தித் தேயிலை போட்டது. அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. ஐயாவின் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தபோது அவருக்குப் பதினொரு வயது.

"அங்க எங்களுக்கு எல்லாமே ஃபேக்டரி சங்குதான் தம்பி. எந்திரிக்கச் சங்கு, சோத்துக்குச் சங்கு. இங்க வந்த மொத ராத்திரி சங்கு இல்ல. மழைச் சத்தம் மட்டும். தகரத்து மேல கொட்டுது, யாரு பேசினாலும் கேக்கல. எங்கம்மா, காது போயிருச்சான்னு அழுதுருச்சு."

அந்த மழைக்குள்ளே வேறு சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழக ஒரு வருஷம் ஆனதாம். வாழை முறியும் சத்தம் வேறு, காற்றில் கிளை முறியும் சத்தம் வேறு. ஐயாவின் மனைவி, நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர், அடுப்படியிலிருந்தே சேர்ந்துகொண்டார். மூடுபனி இறங்கினால் நாலு வரிசைக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பறிக்கும் கை மட்டும் ஓடும். குருவி கத்துவது திடீரென்று நின்றால், கூடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏற வேண்டியதுதான். "ஆனை நடந்தா சத்தம் வராதுப்பா. மத்ததோட சத்தம் நிக்கும்" என்றார்.

பஸ் ஏழு மணிக்கு வந்தது. கண்டக்டர் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். மறுநாள் காலை சேரம்பாடியில் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் வைத்திருந்த ஒரு பட்டறைக்கு, 30க்கு மேல் போகாமல் ஓட்டிச் சென்றோம்.

மெக்கானிக் இளைஞர், வேலை தெரிந்தவர். வண்டி தரையில் நிற்கும்போதே, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கர நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தினார். தூக்கிய பிறகு செய்தால் அந்த விசையில் வண்டியே ஆடும். சக்கரம், பிரேக், தட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. பேரிங் உட்கார்ந்திருக்கும் வார்ப்பான நக்கிளைத் தனியாகக் கழற்றிப் பிரஸ்ஸில் வைத்து ஹப்பைத் தள்ளியபோது, டொப்பென்று வெளியே வந்தது, பேரிங்கின் உள்வளையத்தில் பாதியை இழுத்துக்கொண்டு.

ஐயா அந்தப் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். அதன் கிரீஸ், தேநீரில் பால் திரிந்த நிறத்தில் இருந்தது. "தண்ணி பூந்திருக்கு. எங்கயாவது தண்ணியில எறக்குனீங்களா?" போன வருஷம் வடகிழக்கு மழையில், கோயம்புத்தூரில் ரயில்வே கீழ்ப்பாலம் ஒன்றில் தேங்கிய தண்ணீரைக் கடந்தது நினைவுக்கு வந்தது. வெகுதூரம் ஓடி வந்த சூட்டில் சக்கரம் திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால், பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நான் அன்று முழங்காலளவுத் தண்ணீரில் வண்டியை இறக்கிவிட்டு, நல்லபடியாகக் கடந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

கழுவிய பிறகு வெளிவளையத்தின் உட்புறம் தெரிந்தது. கண்ணாடிபோல இருக்க வேண்டிய குண்டுகளின் பாதையில், கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு மேல்தோல் உரிந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரத்தது. அவ்வளவுதான். குண்டுகளை எண்ணினேன், ஒரு வரிசைக்கு 13. சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு குண்டும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. 60இல் போனால் விநாடிக்கு நாற்பது தடவைக்கு மேல். தனித்தனித் தட்டாகக் காது அதைப் பிரித்துக் கேட்க முடியாது. அதனால்தான் உறுமலாகக் கேட்டிருக்கிறது. இப்படியே ஓட்டியிருந்தால் பள்ளம் விரிந்து, சக்கரம் ஆடத் தொடங்கி, ஒரு நாள் சூட்டில் இறுகியிருக்கும். நாடுகாணி வளைவு ஒன்றில் அது நடந்திருந்தால் என்ற எண்ணத்தை அப்போது என்னால் தள்ள முடியவில்லை.

1794இல் வேல்ஸ் நாட்டு கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வான் என்ற இரும்புப் பட்டறைக்காரர், வண்டியின் அச்சுக்கு நடுவே குண்டுகளை உருளவிடும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். கோச் வண்டிக்காக எழுந்த யோசனைதான். நம் ஊரில் மாட்டு வண்டிக்கு அச்சில் மசகு தடவிவிட்டால் போதும், அது காய்ந்ததும் கிறீச்சென்று ஊருக்கே சொல்லிவிடும். குண்டு உருளும் அச்சு அப்படிச் சொல்வதில்லை. சீலுக்குள்ளே மூடிக்கொண்டு, முதலில் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறது.

புதுப் பேரிங்கை மெக்கானிக் எடுத்தபோது, அதன் ஒரு பக்கச் சீலில் குண்டூசி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. அது காந்தப் பட்டை உள்ள பக்கம். ஏ.பி.எஸ். சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான், கழற்றும்போதே புதுப் பேரிங்கும் பாழாகும். அதுவரை வாயைத் திறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஐயா, பிரஸ்ஸின் தண்டு இறங்கும் நேரத்தில் மட்டும் எழுந்தார்.

"தம்பி, வெளி வளையத்துல மட்டும் படட்டும். உள்ள அமுக்கிடாதீங்க."

"தெரியும் மாமா" என்றபடி அந்த இளைஞர் பழைய பேரிங்கின் வெளிவளையத்தை எடுத்து மேலே வைத்துக் காட்டினார். அதன் அளவு அச்சாகப் பொருந்தியது. உள்வளையத்தின் வழியாக அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகத்தான் போகும். ஓடுவதற்கு முன்பே பாதையில் பதின்மூன்று குழி விழும். ஐயா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். செத்த பேரிங்கின் வளையம், புதியதை அதன் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. லாக் விழுந்த கிளிக் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. புது நட்டை டார்க் ரெஞ்சில் அளவு பார்த்து முறுக்கி, அதன் கழுத்தை ஷாஃப்டின் பள்ளத்தில் உளியால் தட்டி மடித்ததும் வேலை முடிந்தது.

பட்டறைக்காரருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு, ஐயாவையும் ஏற்றிக்கொண்டு சேரங்கோட்டுக்குத் திரும்பினோம். மழை இல்லை. வேகத்தை 40, 50 என்று கூட்டினேன். வலப்பக்க வளைவு ஒன்று வந்தது. பின்னால் இருந்த மனைவி முன்னால் சாய்ந்து கேட்டாள். ஒன்றும் இல்லை. சாலை மட்டும் டயருக்கு அடியில் சீராக ஓடியது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார்.

"ஓரமா நிறுத்துங்க தம்பி" என்றார்.

எனக்கு வயிறு கலங்கியது. நிறுத்தினேன். அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வலப்பக்கம் போய்க் குனிந்தார். சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் டயரின் பள்ளத்தில் எதையோ நெம்பினார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி.

"டிக் டிக்னு வந்துச்சு. நீங்க முன்னாடியே கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றார்.